பசையை எடுக்கும் முன் காகிதத்தை வளைத்துப் பாருங்கள்

வீட்டில் இருப்பதை வைத்தே காகித வேலைகள் சிலவும் ஒரு நினைவு ஆல்பமும் செய்ய ஆசை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் செய்த வாழ்த்து அட்டை மடிப்பில் வெடித்து, ஒட்டிய இடத்தில் நெளிந்துபோனது. எதில் தொடங்குவது, பிசுபிசுப்பான பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் மாட்டிக்கொண்ட படங்களை எப்படி மீட்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டிய கைப்பக்குவம் முதல் கேள்வியின் வழியாகத்தான் வரும்.

உங்கள் அட்டை வெடித்ததற்கு உங்கள் கை காரணமில்லை. காகிதத்துக்கு ஒரு வாட்டம் உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆலையில் கூழ் சல்லடை மேல் ஓடி வரும்போது, நார்களில் பெரும்பாலானவை அது ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மடிப்பின் முதுகில் வெள்ளைப் பிசிறு தெரியும். பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்த நார் நீளவாட்டில் பெரிதாக மாறாது, பக்கவாட்டில் பருக்கும். காகிதம் ஒரு பக்கமாகச் சுருள்வதும் அலையலையாக நெளிவதும் இதனால்தான்.

வாட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தாளை மேசையில் வைத்து, ஓர் ஓரத்தைத் தூக்கி எதிர் ஓரத்தின் மேல் கொண்டுவாருங்கள். மடித்துவிடாமல், வளைந்த முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பிறகு தாளைக் கால் சுற்று திருப்பி அதையே செய்யுங்கள். ஒரு முறை தாள் இணங்கிக் கொடுக்கும், மறு முறை கையைத் திருப்பித் தள்ளும். இணங்கிய முறையில் மடிப்புக் கோடு எந்தப் பக்கம் விழுமோ, அதுவே நார் ஓடும் திசை. மெல்லிய தாளில் கைக்கு வித்தியாசம் தெரியவில்லையா? வேண்டாத தாள் ஒன்றை இரண்டு வாட்டத்திலும் கிழித்துப் பாருங்கள். நாரோடு போகும் கிழிசல் நேராக ஓடும், குறுக்கே போவது கோணிக்கொள்ளும்.

இனி உங்கள் வாழ்த்து அட்டைக்கு வருகிறேன். ஏ4 அட்டையைப் பாதியாக மடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் நார் நீளவாட்டில் ஓடுகிறது. பாதியாக மடிக்கும் கோடோ அகலவாட்டில், நாருக்குக் குறுக்கே விழுகிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? அதே அட்டையை மடிக்காமல், நடுவில் வெட்டி இரண்டு ஏ5 துண்டுகளாக்குங்கள். இப்போது ஒவ்வொரு துண்டிலும் நார் குட்டையான பக்கத்தோடு ஓடும். துண்டைப் பாதியாக மடித்தால் கோடு நாரோடு விழும். ஒரு தாளில் ஒன்றுக்கு இரண்டு அட்டைகள், இரண்டும் வெடிக்காதவை. ஏ வரிசைத் தாள்களில் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் எத்தனை முறை பாதியாக்கினாலும் மாறுவதில்லை என்பதால், அட்டை அதே வடிவில் சின்னதாகிறது, அவ்வளவுதான்.

தடிமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டின் மேல் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் காகிதம் 80 கிராம் என்று பொருள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே அந்தத் தாள் ஒன்றின் எடை 5 கிராம். வீட்டில் கிடக்கும் அட்டையின் தடிமன் தெரியாவிட்டால், ஏ4 அளவில் பத்துத் தாள்களைச் சமையலறைத் தராசில் வைத்து, வரும் கிராமை 1.6-ஆல் பெருக்குங்கள், ஜி.எஸ்.எம். வந்துவிடும். 100-க்குக் கீழே உள்ளவை அப்படியே மடிக்க ஏற்றவை. 200 முதல் 250 வரை வாழ்த்து அட்டைக்கு நல்லது. 160-ஐத் தாண்டிய எதையும் முதலில் கோடு கீறாமல் மடிக்காதீர்கள்.

கோடு கீறுவதற்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். இரும்பு அளவுகோலை வைத்து, பேனா முனையால் அழுத்தி ஒரு பள்ளம் போடுங்கள். மறுபக்கத்தில் மெல்லிய மேடு எழும்பும். மடிக்கும்போது அந்த மேடு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளிப்புறம் இருக்க வேண்டும். பலர் பள்ளத்துக்குள்ளாகவே மடிக்கிறார்கள். கண்ணுக்கு அதுதான் இயல்பாகப் படுகிறது. ஆனால் மேடு உள்ளே போகும்போதுதான் வெளிப்புற நார்களின் மேல் இழுவிசை குறைகிறது. மடித்த பிறகு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாகத் தேய்த்துவிடுங்கள். பளபளப்பு வந்துவிடும் என்று தோன்றினால் நடுவில் ஒரு சாதாரணத் தாளை வைத்துத் தேய்க்கலாம். கத்தரி, கட்டர் கத்தி, அளவுகோல், கரண்டி, தீர்ந்த பேனா ஆகியவை போதும். வேறு எதையும் இப்போது வாங்காதீர்கள். கட்டரில் மட்டும் அலகைத் தாராளமாக மாற்றுங்கள். மழுங்கிய அலகுதான் வழுக்கி விரலை வெட்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், லேசாக மூன்று முறை ஓட்டுங்கள்.

முதல் வேலையாக, பசையே தேவைப்படாத ஒன்றைச் செய்யச் சொல்வேன்: ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சிறு புத்தகம். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாளை எடுங்கள். நீளவாட்டில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு அகலவாட்டில் பாதியாக மடித்து, அதை இன்னும் ஒரு முறை அதே வாட்டில் பாதியாக மடித்து விரியுங்கள். எட்டுக் கட்டங்கள் கிடைத்திருக்கும். இப்போது தாளை அகலவாட்டில் ஒரே ஒரு முறை பாதியாக மடித்து, மடிந்த விளிம்பு உங்கள் பக்கம் இருக்குமாறு வையுங்கள். அந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் வழியே, முதலில் குறுக்கிடும் மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக் கூடாது. தாளை விரித்தால் நடுவில் ஒரு பிளவு இருக்கும். மறுபடி நீளவாட்டில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளுங்கள். பிளவு வாய் திறந்து, நான்கு இதழ்களாக எழுந்து நிற்கும். இதழ்களை ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் 74-க்கு 105 மில்லிமீட்டர், சட்டைப் பையில் அடங்கும்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பக்க வரிசை. தாளை விரித்துவைத்து நேரடியாக எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வந்து நிற்கும். முதலில் புத்தகமாக மடித்து முடித்து, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். பிறகு விரித்து, எண் நிமிர்ந்து தெரியும் பக்கமாகத் தாளைத் திருப்பித் திருப்பி வரையுங்கள், எழுதுங்கள், படம் ஒட்டுங்கள். ஒரு பயணம், ஒரு பிறந்தநாள், குழந்தை பேசத் தொடங்கியபோது சொன்ன விநோதச் சொற்கள் என ஒரு புத்தகத்துக்கு ஒரு விஷயம் போதும். எட்டே பக்கம் என்பது பெரிய வசதி. பெரிய ஆல்பங்கள் பாதியில் நின்றுபோவதைப் போல இது நிற்காது.

அடுத்தது விரிந்தால் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை. மேலே சொன்னபடி பாதியாக்கிய ஏ5 அட்டையை மடித்துக்கொள்ளுங்கள். மடிந்த விளிம்பிலிருந்து உள்நோக்கி, சமநீளத்தில் இரண்டு வெட்டுகள் போடுங்கள். 4 சென்டிமீட்டர் நீளமும் இடையே 3 சென்டிமீட்டர் இடைவெளியும் வைத்துக்கொள்ளலாம். வெட்டுகள் முடியும் இடத்தில் ஒரு கோடு கீறி, நடுவில் உள்ள பட்டையை முன்னும் பின்னும் ஒரு முறை மடித்து விடுங்கள். அட்டையைப் பாதி திறந்து, அந்தப் பட்டையை உட்பக்கமாகத் தள்ளினால் ஒரு சிறு மேடை எழும். அதன் முன்முகத்தில் நீங்கள் வெட்டிய பூவையோ பெயரையோ ஒட்டலாம்.

ஒரே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. அட்டையை மூடும்போது அந்த மேடை வெட்டின் நீளத்தைப் போல இரு மடங்கு தூரம் வரும். 4 சென்டிமீட்டர் வெட்டு மூடிய நிலையில் மடிப்பிலிருந்து 8 சென்டிமீட்டரை எட்டும். உங்கள் அட்டையின் அகலம் 10.5 சென்டிமீட்டர். வெட்டை 6 சென்டிமீட்டராக்கினால் மூடிய அட்டைக்கு வெளியே ஒரு மூலை எட்டிப் பார்க்கும். ஆகவே வெட்டு எப்போதும் அகலத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும். ஒட்டும் பூவும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பின்புறம் தெரியும் ஓட்டையை மறைக்க, சற்றுப் பெரிய வண்ண அட்டை ஒன்றை மடித்து வெளியுறையாக ஒட்டுங்கள். பசையை விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். மேடையின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு பட்டாலும் அது எழும்பாமல் படுத்துவிடும்.

இதே முறையில் அகலமான ஒரு மேடையும் குறுகலான ஒரு மேடையும் போட்டால் படிக்கட்டு, சுற்றிலும் சின்னச் சின்ன மேடைகள் போட்டால் ஒரு தெரு. குழந்தைகளுக்கு இது கிடைத்தால் அன்று முழுக்க வேறு விளையாட்டு வேண்டாம். வெட்டுவதை மட்டும் நீங்கள் செய்து கொடுங்கள்.

பசையை இதுவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அதிகப் பசையால் வருபவை என்பது என் அனுபவம். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். அதைக் குழாயிலிருந்து நேராகப் பிதுக்காமல், ஒரு மூடியில் ஊற்றி, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லிய படலமாக இழுங்கள். ஒட்டும் இரண்டு தாள்களின் நார்களும் ஒரே வாட்டத்தில் இருக்கட்டும். ஒட்டிய உடனே இரண்டு சாதாரணத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுதும் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் நெளிவு நிச்சயம். கெட்டி அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் காகிதம் ஒட்டினால், காயும்போது காகிதம் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைக்கும். மறுபக்கத்திலும் அதே அளவு காகிதம் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். செல்லோடேப்பை நீண்ட நாள் வைத்திருக்க நினைக்கும் எதிலும் போடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிளாஸ்டிக் உதிர்ந்து, கறை மட்டும் காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

இனி நினைவு ஆல்பம். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல் தானே ஒட்டிக்கொள்ளும் ஆல்பம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பக்கங்களில் முன்கூட்டியே பசைக் கோடுகள் இருக்கும், ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியதுதான். பசையோடு மல்லுக்கட்டும் சிக்கல் அப்போதே இருந்திருக்கிறது. என் வழி வேறு: படத்தின் மேல் பசையே படக் கூடாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் எங்கள் குடும்ப ஆல்பம். என் பாட்டியின் இளவயதுப் படம் ஒன்று அதில் இருந்தது. பக்கத்தில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். யார் என்று கேட்க, உயிரோடு யாரும் இல்லை. படத்தின் பின்னால் எழுதியிருக்கலாம் என்று, ஒரு மூலையை மிக மெதுவாகத் தூக்கினேன். எழுதித்தான் இருந்தது. பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில், நான்கு பெயர்கள். அந்தப் பெயர்களின் மேல்தான் அடர்த்தியாகப் பசை தடவப்பட்டிருந்தது. பின்தாள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வர, இரண்டு பெயர்கள் மட்டுமே மிஞ்சின. மற்ற இருவர் யார் என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அதனால் படங்களைக் காகித முக்குகளில் மாட்டுங்கள். 1.5 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு காகிதப் பட்டையைக் கிடையாக வையுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து வலப்பாதியைச் சாய்வாகக் கீழே மடியுங்கள், இடப்பாதியையும் அப்படியே. இரண்டும் நடுவில் சந்திக்க, மேலே செங்கோணக் கூம்பும் கீழே இரண்டு வால்களும் தெரியும். வால்களை நறுக்கிவிட்டால் முக்கு தயார். படத்தின் மூலையை அதற்குள் செருகி, முக்கின் முதுகில் மட்டும் பசையிட்டுப் பக்கத்தில் பதியுங்கள். நான்கு மூலைக்கு நான்கு. தேவைப்படும் நாளில் படத்தை வெளியே எடுத்துப் பின்புறத்தைப் படிக்கலாம், மறுபடி செருகலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது முக்குகள் செய்துவிடலாம். எனக்குக் கைவேலைகளிலேயே மிகவும் மனம் அமைதியாகும் வேலை இது.

ஆல்பத்தின் உடல் கொசுவ மடிப்பாக இருக்கட்டும். தைக்க வேண்டாம், படங்கள் கூடும்போது தடிப்பதற்கு இடமும் கொடுக்கும். நீளமான அட்டைப் பட்டையை எடுத்து, ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு போகாதீர்கள். முதல் மடிப்பில் நேரும் அரை மில்லிமீட்டர் பிழை எட்டாவது மடிப்பில் நான்கு மில்லிமீட்டராகிவிடும். முதலில் பட்டையைப் பாதியாக, பிறகு ஒவ்வொரு முனையையும் நடுக்கோட்டுக்கு, பிறகு ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் பாதியாக என்று மடித்தால் எட்டுப் பகுதிகளும் சமமாக வரும். மலையும் பள்ளமும் மாறி மாறி வருமாறு திருத்திவிட்டு, இரு முனைகளிலும் கெட்டி அட்டையை உறையாக ஒட்டுங்கள். நாரின் வாட்டம் மடிப்புக் கோடுகளோடு ஓட வேண்டும் என்பதை இங்கே மறந்தால் ஆல்பம் ஒருபோதும் ஒழுங்காக மூடாது.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதில் அலங்காரத்துக்குக் கடைசி இடம் கொடுங்கள். பொத்தானும் ரிப்பனும் மினுக்குத் தூளும் நிறைந்த பக்கங்களில் படங்கள் மேடும் பள்ளமுமாக அழுந்தித் தழும்பாகின்றன. பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ படம், மிச்சமெல்லாம் எழுத்துக்கு. யார், எங்கே, எப்போது என்பதை முதலில் எழுதுங்கள். "அம்மா", "மாமா" என்று மட்டும் எழுதாமல் முழுப் பெயரை எழுதுங்கள். யாருக்கு அம்மா என்று நாளை படிப்பவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, படத்தில் தெரியாத ஏதாவது ஒன்றை எழுதுங்கள். படம் எடுத்தவர் யார், அதற்கு ஒரு நிமிடம் முன்பு எதற்காகச் சிரித்தீர்கள், அந்தச் சட்டை யாருடையது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நடுங்கிய கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. கையெழுத்தும் ஒரு படம்தான்.

எழுதும் மை கரையாத நிறமி மையாக இருக்கட்டும். படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில் நல்லது. படத்தைக் கெட்டியான பரப்பில் கவிழ்த்து, அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். செய்தித்தாள் துணுக்கை அப்படியே ஒட்ட வேண்டாம். அந்தக் காகிதத்தில், மரத்தில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நல்ல தாளில் நகல் எடுத்து வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் ரசீதுகளும் டிக்கெட்டுகளும் சில ஆண்டுகளில் வெற்றுத் தாளாகிவிடும், அவற்றுக்கும் நகல்தான் வழி. ஆல்பத் தாள் வாங்கும்போது அமிலமும் லிக்னினும் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் உறைகள் வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர், பி.வி.சி. கூடாது.

கடைசியாக உங்கள் பழைய ஆல்பம். பசை பூசிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் மூடியிருக்கும் வகை அது. அந்தப் பசை ஆண்டுகள் போகப் போகக் கெட்டிப்படும், மஞ்சளாகும். எதையும் தொடுவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே புகைப்படம் எடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதே ஒரு தகவல். படலத்தை மெதுவாக விலக்கி, படங்களின் மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். சில தானாகவே வந்துவிடும். வராதவற்றுக்கு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை எடுங்கள், மெழுகு பூசாததாகப் பார்த்து. ஒரு மூலைக்கு அடியில் நூலை நுழைத்து, இரு கைகளாலும் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல் பக்கத்தை ஒட்டியே முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு நகருங்கள். படத்தைத் தூக்காதீர்கள், வளைக்காதீர்கள். வளைந்தால் படத்தின் மேல்பூச்சு விரிசல் விடும். தண்ணீரும் வேண்டாம், சூடும் வேண்டாம். இரண்டும் பூச்சை இளக்கக்கூடும்.

நூல் நகர மறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிடிவாதமான படத்தைப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. அடிப்பக்கத்தோடு சேர்த்து, சுற்றிலும் சற்று ஓரம் விட்டு வெட்டியெடுத்து, கொஞ்சம் பெரிய முக்குகள் நான்கு செய்து புதிய ஆல்பத்தில் அப்படியே மாட்டுங்கள்.